ஜாப்லின் அத்தைக்கு ஒரு ஜெபம்

அத்தியாயம் 9

அந்த ஏப்ரலில் ஓக்லஹோமா மாநிலம் எவ்வளவு வறண்டு கிடந்தது என்றால், ப்ளம் ஃபோர்க் ஊர்க் கட்டெறும்புகள்கூட நேர்க்கோட்டில் நடக்க ஆரம்பித்துவிட்டன. அதுவரை அவை எப்படி நடந்தன என்று ஊர் மதுவிலக்குச் சங்கத்தார் விசாரித்ததில்லை. அவர்கள் குனிந்து பார்க்கிற ரகமில்லை.

மாநிலம் பிறந்த அன்றைக்கே அங்கே மதுவிலக்கும் பிறந்தது. குடி அதற்கு முன்பே பிறந்திருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் நல்ல அண்டை வீட்டாராகக் காலம் தள்ளின. புது கவர்னர் வந்து அந்தச் சிநேகத்தைக் கெடுத்தார். "மதுவிலக்குதானே கேட்டீர்கள்? இந்தாருங்கள், முழுசாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று ரோட்டுக்கு ரோடு போலீஸை நிறுத்தினார். கள்ளச் சரக்கு லாரிகள் ஒவ்வொன்றாகச் சிக்கின. ஊருக்கு நாக்கு உலர்ந்த பதத்தில், மதுவிலக்கு இனியும் வேண்டுமா வேண்டாமா என்று ஜனங்களையே ஓட்டுப் போட்டுச் சொல்லச் சொன்னார்.

இன்றைக்குத்தான் அந்த ஓட்டு.

ஓட்டுப் போட வேண்டிய நேரத்தில் டப் டாக்கெட், ஹாய்ட் மேப்ரியின் சமையலறையில் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் அவனுடைய முதலாளியம்மா ஐவா காடிஸ். ஒரு காலத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகத் தீ விபத்துகளைத் துப்பறிந்தவள். கொட்டகை தானாக எரிந்ததா, கடன்காரன் எரித்தானா என்பதைச் சாம்பலைப் பார்க்காமல், சொந்தக்காரன் அழுகிற அழகைப் பார்த்தே சொல்லிவிடுவாள் என்று பெயர். இப்போது சொந்தமாகத் துப்பறியும் தொழில். டப் அவளுக்கு உதவியாளன். உதவியைவிட வாய் அதிகம்.

எதிரே ஹாய்ட் மேப்ரி. ஊர் அறிந்த தொழில், மாட்டுத் தீவனக் கடை. ஊர் அறிந்தும் சொல்லாத தொழில், கள்ள விஸ்கி. கோட்டில் 'மதுவிலக்கு நீடிக்கட்டும்' என்ற பேட்ஜ் பளபளத்தது. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நாளைக்கே சட்டப்படி கடை திறந்தால் கள்ளச் சரக்குக்காரனிடம் யார் வருவார்கள்? அதனால் ஊரிலேயே மதுவிலக்குக்காக அதிகம் உழைத்தவர்கள் இரண்டு பேர்: ஒருவர் பாப்டிஸ்ட் சபைப் போதகர், இன்னொருவர் ஹாய்ட்.

"மூணு லோடு, மிஸ் காடிஸ்," என்றான் ஹாய்ட். "புது வருஷம் பொறந்ததுலேர்ந்து மூணு லோடு போச்சு. எந்த ரோட்டுல விட்டாலும் அந்த ரோட்டுலயே போலீஸ் காத்துக்கிட்டு நிக்குது. மூணு தடவையும் டிரைவர் மட்டும் தப்பிச்சு வந்துட்டான்."

டிரைவர் அர்லிஸ், டப்பின் தங்கை புருஷன். நேற்றுக் காலையிலிருந்து ஆளைக் காணோம்.

"என் மச்சானுக்கு ஓட்டறதைவிட ஓடறது நல்லா வரும், ஹாய்ட்," என்றான் டப். "வேற ஒண்ணும் இல்ல."

"இருக்கலாம். அதனாலதான் நான் அவசரப்படலை. அர்லிஸ் எங்கிட்ட பத்திரமா இருக்கான். காட்டிக்கொடுத்தது அவன் இல்லைன்னா, யாருன்னு சொல்லுங்க. ஓட்டுச்சாவடி மூடறதுக்குள்ள பேர் வரணும். வரலைன்னா..." ஹாய்ட் மேலே பார்த்துப் பெருமூச்சு விட்டான். "நாளைக்குப் புதன்கிழமை ஜெபக்கூட்டத்துல அர்லிஸோட ஆத்துமாவுக்காக நானே எழுந்து நின்னு கேட்க வேண்டி வரும்."

டப்பின் வாயில் அடுத்த கிண்டல் தயாராக இருந்தது. அதை விழுங்கினான். ஹாய்ட் சொன்னால் செய்கிற ஆள்.

"ஷெரிஃப்கிட்டப் போனா?" என்றாள் ஐவா.

"தாராளமாப் போங்க. ஞாயித்துக்கிழமை அவர் எங்க வீட்டுலதான் சாப்பிட்டார்."

ஐவா அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை. "குடிக்கத் தண்ணி கிடைக்குமா?"

"எனக்கும் ஒண்ணு," என்றான் டப். "தண்ணி இல்லாம."

ஹாய்ட் சிரிக்கவில்லை. குழாயைத் திறந்தான். அந்த இடைவெளியில் ஐவாவின் கண் குளிர்சாதனப் பெட்டியின் தலைக்குப் போனது. அங்கே கண்ணாடிப் பாத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன.

"இவ்வளவு பாத்திரமா? நீங்க தனிக்கட்டை ஆச்சே."

"சபைப் பொம்பளைங்க சமைச்சு, கொண்டுபோய்க் குடுக்கச் சொல்லி விட்டுட்டுப் போனது. எங்க அத்தைக்கு உடம்பு சரியில்லைல்ல?"

டப் இருமினான். அந்த அத்தையை அவனுக்கு நன்றாகத் தெரியும். ப்ளம் ஃபோர்க்கில் தாகம் உள்ள எல்லோருக்கும் தெரியும்.

எல்லை தாண்டினால் மிஸூரி. அங்கே குடி சட்டப்படி சரி. எல்லைக்கு அந்தப் பக்கம் ஜாப்லின் நகரம். புதன்கிழமைதோறும் ஜெபக்கூட்டத்தில், யாருக்காவது ஜெப விண்ணப்பம் உண்டா என்று போதகர் கேட்பார். ஹாய்ட் தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்திருப்பான். "ஜாப்லின்ல எங்க க்ளாரா அத்தை..." என்று குரல் தழுதழுக்கும். அத்தைக்கு இதயம் என்றால் போர்பன் விஸ்கி வருகிறது. சிறுநீரகம் என்றால் ஜின். இரண்டும் என்றால் கிறிஸ்துமஸ். 'வினிட்டாவில் இருக்கும் மகள் வீட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள்' என்றால் லோடு வினிட்டா ரோட்டில் வருகிறது, வேண்டியவர்கள் வழியிலேயே நின்று வாங்கிக்கொள்ளலாம். டப் ஒரு ஜெபக்கூட்டத்தையும் தவறவிட்டதில்லை. அவனைச் சபையின் உதவிக்காரராக, அதாவது டீக்கனாக, ஆக்கலாமா என்று ஒரு பேச்சுகூட அடிபட்டது.

"அப்படின்னா ரோடு சபை முழுக்கத் தெரிஞ்சிருக்கு," என்றாள் ஐவா, டப் சுருக்கமாக விளக்கியதும்.

"பாதிச் சபைக்கு," என்று திருத்தினான் ஹாய்ட். "அவங்க வாடிக்கைக்காரங்க. தாகம் எடுத்தவன் கிணத்தை மூடுவானா?"

"மீதிப் பாதி?"

"மீதிப் பாதிக்கு அது அத்தை."

ஐவா நாற்காலியை இழுத்துப் போட்டு, தொப்பி சரியாமல் அதன்மேல் ஏறினாள். ஒவ்வொரு பாத்திரமாக எடுத்துக் கவிழ்த்தாள். ப்ளம் ஃபோர்க் பெண்கள் பாத்திரத்தின் அடியில் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதி அனுப்புவார்கள். இல்லாவிட்டால் சாவு வீட்டில் யார் பாத்திரம் யார் வீட்டுக்குப் போகும் என்பது கர்த்தருக்கே வெளிச்சம்.

"ஓபல் ஷூமேக்... வேடா ப்ரைஸ்... மாடீ க்ரம்... இதெல்லாம் எப்ப வந்தது?"

"இந்த வருஷம். அதுக்கு முந்தினதெல்லாம் திருப்பிக் குடுத்தாச்சு. ஆள் போனாலும் போகலாம், இந்த ஊர்ல அடுத்தவங்க பாத்திரத்தை வச்சுக்கிட்டா மட்டும் மன்னிப்பே கிடையாது."

ஐவா கடைசிப் பாத்திரம் வரை படித்துவிட்டுக் கீழே இறங்கினாள். தண்ணீரைக் குடித்தாள். "சாயங்காலத்துக்குள்ள வரேன்," என்றாள்.

கார் கிளம்பியதும் டப் பொறுக்கமாட்டாமல் கேட்டான். "எந்தப் பேர் பாஸ்? ஓபல் கிழவியா? அந்தம்மா சமையலைச் சாப்பிட்டவன் போலீஸுக்குச் சொல்ல உயிரோட இருக்கமாட்டானே!"

"இருக்கற பேர்ல என்ன இருக்கு? இல்லாத பேரைச் சொல்லு. இந்த ஊர்ல நோயாளிக்குச் சமைக்கறதுல முதல் கை யாரோடது?"

"அதுல என்ன சந்தேகம்? நெட்டி ஆர்பிசன். பூனைக்கு ஜலதோஷம்னாலே கோழி அடிக்கிற அம்மா. ஒரு தடவை வரி வசூலிக்க வந்தவன் வாசல்ல தும்மினான். படுக்கவச்சு ஒரு வாரம் சோறு போட்டுத்தான் அனுப்பினாங்க. போகும்போது அவன் எதுக்கு வந்தான்னு அவனுக்கே மறந்து..." டப் நிறுத்தினான். "இல்லையா? நெட்டி பாத்திரம் அங்க இல்லையா?"

"ஒண்ணுகூட இல்ல. இந்த வருஷம் அத்தை மூணு தடவை சாகக் கிடந்திருக்காங்க. மூணு லோடு. சபையே சமைச்சிருக்கு. நெட்டி சமைக்கலை."

"ஹாய்ட் மேல ஏதாவது கோபம்..."

"கோபம் இருந்தா?"

டப் யோசித்தான். "இருந்தாலும் கொண்டுபோவாங்க. உப்பைக் கொஞ்சம் கூடப் போடுவாங்க."

"ஆக, அப்படி ஒரு அத்தையே இல்லைன்னு அந்தம்மாவுக்குத் தெரியும்."

"பாஸ், நெட்டிதான் பெண்கள் சங்கத்துத் தலைவி. வெள்ளை ரிப்பன் கட்டிக்கிட்டு வீடு வீடாப் போய் மதுவிலக்குக்கு ஓட்டுக் கேட்டவங்க. சாராய லாரியைப் பிடிச்சுக் குடுத்தா அதைக் கூரை மேல ஏறிச் சொல்லுவாங்களே. ஏன் மறைக்கணும்?"

"அதுதான் எனக்கும் பிடிபடலை," என்றாள் ஐவா. "கொள்கைக்காகச் செய்யறவங்க மேடை ஏறிடுவாங்க. ஒளிச்சுச் செய்யறவங்களுக்கு உள்ள வேற ஏதோ எரியுது."

நெட்டி ஆர்பிசன் ஓட்டுப் போடக் கிளம்பித் தயாராக இருந்தாள். தொப்பி, கையுறை, மார்பில் வெள்ளை ரிப்பன். ஆனாலும் வந்தவர்களை உட்கார வைத்து காபி ஊற்றி, கேக்கை எடுத்து வைத்தாள். டப் சுவரோரம் இருந்த நாற்காலியை இழுக்கப் போனான்.

"அதுல வேண்டாம், டப்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். டப் வேறு நாற்காலிக்குப் போனான்.

ஐவா சுற்றி வளைக்கவில்லை. "சகோதரி, க்ளாரா அத்தைக்குச் சமைக்கறதை ஏன் நிறுத்திட்டீங்க?"

கேக்கில் இறங்கின கத்தி அப்படியே நின்றது. பிறகு மெதுவாக அடிவரை இறங்கியது.

"டிசம்பர்ல டாக்டர் கைவிட்டுட்டார்னு ஹாய்ட் சபையில அழுதார். நிஜக் கண்ணீர், தாடை வரைக்கும் வழிஞ்சது. ஒரு கிழவி அநாதையாச் சாகக் கூடாதேன்னு எனக்கு மனசு கேக்கலை. விலாசம் கேட்டேன். வேண்டாம், சிரமம்னார். விடாமக் கேட்டேன். வாய்க்கு வந்த தெருவைச் சொல்லிட்டார். மனுஷனுக்கு வாய்க்கு வர்றது தினம் போற தெருதானே?" கேக்கைத் தட்டில் வைத்து டப்பின் பக்கம் தள்ளினாள். "கோழிக் குழம்புல மாவு உருண்டை போட்டு, பானையைத் துணியில சுத்தி, மடியில வச்சுக்கிட்டே பஸ்ல ஜாப்லின் போனேன். அந்தத் தெருவுல வீடே இல்ல. ஒரு கிடங்கு. சாராயக் கிடங்கு. வாசல்ல ஹாய்ட் லாரி நிக்குது. உன் மச்சான் பெட்டி ஏத்திக்கிட்டு இருக்கான். என்னைப் பார்க்கலை."

"பானையை என்ன பண்ணீங்க?" என்று கேட்டான் டப். கேட்ட பிறகுதான் கேட்டிருக்க வேண்டாமோ என்று பட்டது.

"என்ன பண்றது? லாரி போனதும் கிடங்கு ஆளுங்களுக்குப் போட்டேன். பாவம், பசியோட இருந்தாங்க. சாப்பிட்டுக்கிட்டே ஹாய்டைப் பத்தி எல்லாம் சொன்னாங்க. ரெண்டு வருஷம் முந்தி பனியில ரோடு மூடிப்போச்சாம். சரக்கு வரலையாம். அப்ப அந்த ஆளு கையில இருந்த விஸ்கியில வார்னிஷ் கடை ஸ்பிரிட்டை ஊத்திப் பெருக்கி வித்தாராம். கெட்டிக்காரத்தனம்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. சொன்னவங்களுக்கு நான் யாருன்னு தெரியாது."

அவள் சுவரோர நாற்காலியைப் பார்க்கவில்லை. டப்தான் பார்த்தான். நெட்டியின் மகன் ராய்ஸ் செத்தது அந்தப் பனிக்காலத்தில்.

"முதல்ல கண்ணு போச்சு," என்றாள் நெட்டி. "'அம்மா, விளக்கைப் போடு'ன்னான். அப்ப நடுப்பகல்."

கத்தியைத் துடைத்துக் கேக்கின் பக்கத்தில் வைத்தாள்.

"ஹாய்ட் சவ அடக்கத்துல பாட்டுப் பாடினார். நல்ல குரல் அவருக்கு. அது போகட்டும். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம், மிஸ் காடிஸ், புதன்கிழமை புதன்கிழமை அந்த அத்தைக்காக நான் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணியிருக்கேன். என் பிள்ளையைக் கொன்னவனோட சரக்கு பத்திரமா ஊர் வந்து சேரணும்னு, கர்த்தர்கிட்ட, பேர் சொல்லிக் கெஞ்சியிருக்கேன்!" முதல்முறையாக அவள் குரல் உயர்ந்தது. கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டுக்கொண்டாள். "அதான் அத்தை எந்த ரோட்டுல வராங்கன்னு காது குடுத்துக் கேட்டேன். போலீஸுக்குப் போன் பண்ணேன்."

"சகோதரி," என்றான் டப், "ஹாய்ட் சந்தேகப்படறது அர்லிஸை. பிடிச்சு வச்சிருக்கான். ஓட்டுச்சாவடி மூடறதுக்குள்ள பேர் சொல்லலைன்னா கொன்னுடுவான்."

நெட்டி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "அந்தக் கலப்படச் சரக்கை ஊருக்குள்ள கொண்டுபோய்க் குடுத்ததும் அர்லிஸ்தானே?"

டப்பின் வாய் பிறந்ததிலிருந்து ஓய்ந்ததில்லை. இப்போது அதற்கு மூன்றே வார்த்தைதான் கிடைத்தது. "அவன்தான். கலந்தது ஹாய்ட்."

"அர்லிஸுக்குத் தெரியுமா?"

"அப்புறமாத் தெரிஞ்சிருக்கும். வாயைத் திறக்கலை."

"நீயும் ஹாய்ட் வாடிக்கைதானே. உனக்கு ஏன் ஒண்ணும் ஆகலை?"

"அந்த வாரம் நான் காய்ச்சல்ல கிடந்தேன்." டப் கேக் தட்டையே பார்த்தான். "வேற எதையும் குடிக்க விடாம நீங்கதான் மூணு வேளையும் சூப் ஊத்துனீங்க."

நெட்டி மீதிக் கேக்கை மூடி வைத்தாள். ஐவா ஒரு வார்த்தை குறுக்கே போடவில்லை. வாக்குமூலம் கொதிக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்பது அவள் தொழில் தர்மம்.

"சாகட்டும்னுதான் தோணுது," என்றாள் நெட்டி கடைசியில். "மறைச்சு என்ன? ஆனா என் எதிரியை ஹாய்ட் கொல்லக் கூடாது. அந்த ஆளு கையால எனக்கு ஒரு உபகாரமும் வேண்டாம்." எழுந்தாள். "பேர்தானே கேட்டார்? நானே போய்ச் சொல்றேன். கேக்கைச் சாப்பிட்டுட்டு வா. வீணாக்காதே."

பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடம்தான் ஓட்டுச்சாவடி. வாசலில் நீளமான வரிசை. பாதிப் பேர் நெட்டியின் சங்கத்துப் பெண்கள், எல்லோர் மார்பிலும் வெள்ளை ரிப்பன். படிக்கட்டில் போதகர் டில்மன் நின்று கை குலுக்கிக்கொண்டிருந்தார். ஊழியத்துக்கு வருமுன் பஞ்சுப் பொதி தூக்கியவர். அவர் கை குலுக்கினால் மறுநாள்தான் விரல் மடங்கும். பக்கத்தில் ஹாய்ட், கைநிறைய ரிப்பன். சற்றுத் தள்ளி ஷெரிஃப், வானத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கொண்டிருந்தார்.

நெட்டி நேராகப் படியேறினாள். "ஹாய்ட், அத்தை எப்படி இருக்காங்க?"

ஹாய்ட் முகம் தானாகவே துக்கத்துக்குப் போனது. "ரொம்ப மோசம், சகோதரி. ஏதோ உங்க ஜெபத்துலதான் மூச்சு ஓடுது."

"நான் ஜாப்லின் போயிருந்தேன்."

துக்கம் முகத்திலேயே நின்றது. ஆள் மட்டும் உள்ளே எங்கோ ஓடிவிட்டான்.

"நீங்க சொன்ன தெருவுக்கே போனேன்," என்றாள் நெட்டி, வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி. "அத்தை அங்க பெட்டி பெட்டியா அடுக்கியிருந்தாங்க. இதயமா இருந்தா பழுப்பு நிறம், கிட்னியா இருந்தா வெள்ளை."

வரிசையில் பாதிப் பேர் திடுக்கிட்டார்கள். மீதிப் பாதி தங்கள் ஷூவைப் பார்த்தார்கள். ஊரில் யார் குடிக்கிறவர், யார் குடிக்காதவர் என்று தெரிந்துகொள்ள விரும்பியவர்களுக்கு அதைவிட நல்ல தருணம் அதற்கு முன்பும் வாய்த்ததில்லை, பின்பும் வாய்க்கவில்லை.

"மூணு லோடையும் பிடிச்சுக் குடுத்தது நான்தான். பேர் வேணும்னு கேட்டீங்களாமே. நெட்டி ஆர்பிசன். ராய்ஸோட அம்மா."

"சகோதரர் மேப்ரி," என்றார் போதகர். குரல் சாதுவாகத்தான் இருந்தது. "நான் அந்தம்மாவுக்காக உபவாசம் இருந்தேன்."

"போதகரே, அது வந்து..."

"என் பெண்டாட்டி ஞாயித்துக்கிழமை கோழி பொரிச்சா. மணம் தெரு முனை வரைக்கும் வந்தது. நான் சாப்பிடலை. ஒரு பெட்டி ஜின்னுக்காக!"

ஐவா நடுவே புகுந்தாள். "நீங்க கேட்ட பேர் வந்தாச்சு, ஹாய்ட். அர்லிஸ் எங்க?"

"எந்த அர்லிஸ்? எனக்கென்ன தெரியும்?" என்று ஹாய்ட் படபடத்தான். "வேணும்னா என் வீட்டுல பாருங்க, கடையில பாருங்க, பூட்டே போடலை. அந்தச் சோளக் குதிர் பக்கம் மட்டும் போகாதீங்க, மேலேர்ந்து சோளம் சரியும், ஆபத்து..."

சொல்லி முடித்ததும் அவனுக்கே கேட்டது. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றானாம் ஒருவன். அவன் பரம்பரை மிஸூரி எல்லை வரைக்கும் பரவியிருக்கிறது.

"குதிரா?" என்றான் டப். "பேரைச் சொன்னாத்தானே விடுவேன்னீங்க. விலாசத்தையும் சேர்த்துக் குடுத்துட்டீங்களே! ரொம்ப நன்றி."

அதற்குள் போதகர் படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தார். டப் பின்னால் ஓடினான். தீவனக் கடைக்குப் பின்னால் நின்ற தகரக் குதிரின் பூட்டைத் திறக்க டப் கல்லைத் தேடினான். போதகர் கல்லைத் தேடவில்லை. கதவைக் கீலோடு கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார். உள்ளே இடுப்பளவு சோளத்தில் அர்லிஸ், பொரிக்கத் தயாரான மீன்போலத் மேலெல்லாம் தவிடு அப்பிக் கிடந்தான். வாயில் துணி.

"மச்சான்," என்று டப் துணியைப் பிடுங்கினான். கண் கலங்கியது தவிட்டினால்தான் என்று பின்னால் சொல்லிக்கொண்டான்.

"நான் யாரையும் காட்டிக் குடுக்கலை," என்றான் அர்லிஸ்.

"தெரியும். அதுதான் உன் மேல இருக்கற குத்தமே. நட, ஒரு அம்மாகிட்ட நீ பேச வேண்டியிருக்கு."

ஆனால் அவர்கள் திரும்பி வருவதற்குள் ஹாய்டுக்கு மூச்சு திரும்பியிருந்தது. படியில் சாய்ந்து நின்று அவர்களைப் பார்த்துப் புன்னகைத்தான்.

"அர்லிஸ் சோளத்துல படுத்துத் தூங்கிட்டான்போல. அப்படித்தானே, ஷெரிஃப்?"

ஷெரிஃப் வானத்தில் அடுத்த பக்கத்துக்குப் போனார்.

அர்லிஸ் நெட்டியின் முன்னால் போய் நின்றான். தொப்பி இல்லாத தலையைக் குனிந்துகொண்டான். "எனக்குத் தெரியும், சகோதரி. கலந்தது தெரியும். பயந்து இருந்துட்டேன்."

"பெண்டாட்டி தேடிக்கிட்டு இருப்பா. வீட்டுக்குப் போ," என்றாள் நெட்டி. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவும் இல்லை.

"நல்லா இருக்கு," என்றான் ஹாய்ட். "மூணு லோடு போச்சு, ஊர் சிரிச்சாச்சு. அப்புறம்? கவர்னர் இந்த ஓட்டுக்காகத்தான் போலீஸை நிறுத்தினார். ஓட்டு முடிஞ்சா ரோடு திறந்துடும். நீங்க எல்லாரும் மதுவிலக்கு வேணும்னுதான் போடப் போறீங்க. உங்க வேதம் அப்படி. உங்க அம்மா போட்டாங்க, உங்க பாட்டி போட்டாங்க. நீங்க போடற ஒவ்வொரு ஓட்டும் எனக்குப் பத்து வருஷப் பிழைப்பு." ஒரு ரிப்பனை எடுத்து அவள்முன் நீட்டினான். "உள்ள போங்க, சகோதரி. உங்க மனசாட்சிப்படி போடுங்க. நான் அதை நம்பித்தான் தொழில் பண்றேன்."

டப் ஐவாவைப் பார்த்தான். ஐவா ரிப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆள் சொன்னதில் பொய் இல்லை.

நெட்டி உள்ளே போனாள். திரைக்குப் பின்னால் சற்று நேரம் அதிகமாகவே இருந்தாள். ஓட்டுச்சீட்டில் ஒரே கேள்வி, இரண்டு கட்டம். ஆயுசு முழுக்க ஒரே பக்கம் பழகிய கை.

வெளியே வந்தவள் மார்பிலிருந்த வெள்ளை ரிப்பனை அவிழ்த்தாள். நீட்டிய கை நீட்டியபடியே நின்ற ஹாய்டின் உள்ளங்கையில் அதை வைத்தாள்.

"மதுவிலக்கை நீக்கணும்னு போட்டேன்."

"நெட்டி!" என்று போதகர் அதிர்ந்தார்.

"ஆமாம், போதகரே. பிசாசு வரட்டும். லைசென்ஸ் வாங்கி, தெருவுல கதவைத் திறந்து வச்சு, உள்ள இருக்கறது என்னன்னு பாட்டில் மேல எழுதி ஒட்டி விக்கட்டும். ராய்ஸ் அதைக் குடிச்சிருந்தா மறுநாள் தலைவலியோட எழுந்திருப்பான். நான் திட்டியிருப்பேன்." அவள் ஹாய்டின் பக்கம் திரும்பினாள். "அந்தக் கடை திறந்த அன்னிக்கு உங்ககிட்ட வாங்க யாரு வருவா? மாட்டுத் தீவனம் வித்துப் பிழைங்க. மாடு ஏமாறாது."

வரிசையிலிருந்து வேடா ப்ரைஸ் வந்தாள். ஒரு வார்த்தை பேசாமல் ரிப்பனைக் கழற்றி ஹாய்ட் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். பின்னால் மாடீ க்ரம். அவள் பின்னால் இன்னொருத்தி. ஓபல் கிழவி மட்டும் ரிப்பனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எனக்கு மனசு வரலை, நெட்டி."

"உனக்கு வர வேண்டாம், ஓபல். உன் ஓட்டு உன்னோடது."

ஓபல் ரிப்பனோடே உள்ளே போனாள். மற்றவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஹாய்டின் கையில் இடம் போதாமல் ரிப்பன்கள் ஷூவின்மேல் விழுந்தன. அவன் குனிந்து பொறுக்கவில்லை. உள்ளே ஒவ்வொரு தடவை திரை அசையும்போதும் அவன் கண் இமை ஒரு தடவை அசைந்தது.

"போலாமா, பாஸ்?" என்றான் டப் மெதுவாக.

"இரு," என்றாள் ஐவா. "அந்தம்மா இன்னும் முடிக்கலை."

நெட்டி கூடத்துக்குள் போய் ஒரு மடக்கு நாற்காலியை எடுத்து வந்தாள். ஹாய்டுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன பண்றீங்க?" என்றான் ஹாய்ட்.

"கடைசி மூச்சு இழுக்கற நேரத்துல யாரையும் தனியா விடறது எங்க சபை வழக்கம் இல்லை," என்றாள் நெட்டி. "ஓட்டு எண்ணி முடிக்கிற வரைக்கும் பக்கத்துல இருக்கேன்."